குடியேறியவர் கண்ட கிராமம்

பிறந்த மண்ணை விட்டு அயல் மண்ணிற் குடிபுகுதல் நம்மவர்க்குப் புதுச் செய்தியன்று. கப்பலேறி வந்தவரின் மக்களும் பேரர்களுமே இவ்வேட்டை வாசிப்போரிற் பெரும்பாலோர். எனினும், குடியேற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் இருவேறு வாழ்வுகள் ஒளிந்து கிடக்கின்றன. வயிற்றுக்காகக் கடல் கடந்தவன் ஒருவன். வாழ்வின் சுவைக்காகக் கடல் கடந்தவன் மற்றொருவன். முன்னவனுக்கு ஆங்கில மொழி முதலிற் 'கூலி' என்று பெயரிட்டது. பின்னர்ச் சற்றே இரங்கி 'இமிகிரண்ட்' என்றது. பின்னவனுக்கோ 'எக்ஸ்பாட்ரியேட்' என்று பட்டுச் சட்டை போன்ற ஒரு பெயரைத் தைத்து வைத்திருக்கிறது. இந்தப் பட்டுச் சட்டைக்காரர்கள் எழுதும் குடியேற்ற நூல்கள் ஆங்கிலத்தில் தனியொரு கிளையாகவே தழைத்துள்ளன. பிரான்ஸ் தேசத்து நாட்டுப்புறத்திற் பழைய வீடொன்றை வாங்கிக் குடியமர்ந்த கதையே அக்கிளையில் மிகுதியாய்க் காய்ப்பது.

அவற்றுள் இரண்டை இங்கு ஆராயப் புகுகின்றோம். ஒன்று, பீட்டர் மேய்ல் என்பார் 1989-இல் வெளியிட்ட 'புரொவான்ஸில் ஓராண்டு'. மற்றது, ஜான் பெர்ஜர் 1979-இல் வெளியிட்ட 'பன்றி மண்'. முன்னது பல லட்சம் பிரதிகள் விற்றது, பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது, 1993-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நாடகத் தொடராகவும் வந்தது. பின்னது, தேடி வாசிப்போரின் நூலாக நிற்கின்றது. இருவரும் ஆங்கிலேயர், இருவரும் நடுவயதிற் பிரான்ஸின் சிற்றூர்களிற் குடியேறியவர். ஆயினும், அவர்கள் குடியேறியது ஒரே தேசந்தானா என்று ஐயுறும்படி இருக்கின்றன அவர்தம் நூல்கள்.

ஆங்கிலேயர் பிரான்ஸில் வீடு வாங்கிய கதையால் தோட்டத்திலும் பட்டணத்திலும் உழலும் தமிழருக்கு ஆவதென்ன என்று நேயர்கள் வினவலாம். வினவ வேண்டியதே. ஒரு மனிதன் புதிய ஊரிற் காலூன்றும்போது அவனுக்காக யார் உழைக்கின்றனர், அவ்வுழைப்பை அவன் எந்தக் கண்ணாற் காண்கின்றான், தன் ஏட்டில் அதற்கு எத்துணை இடம் தருகின்றான் என்பவற்றைச் சோதித்தறிய இவ்விரு நூல்களும் நல்ல கருவிகள். ஒரு புறம் பங்களாவையும் மறு புறம் லயத்தையும் பார்த்துக்கொண்டு, நடுவே ஆபீசில் அமர்ந்து செக்ரோல் எழுதும் கிராணிமார் இவ்வகை நூல்களைப் படிக்கும் விதமே வேறு. எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று கண் தானே தேடிப் போகும்.

மேய்ல் என்பார் 1939-இற் பிறந்தவர். விளம்பரத் தொழிலில் ஊறியவர். அத்தொழிலை உதறிவிட்டு, நாவலொன்று எழுதும் நோக்குடன் 1987-இல் மனைவியோடு தென் பிரான்ஸின் லுபெரோன் மலைச்சாரலில், மெனெர்ப் என்னும் ஊரருகே, ஏறக்குறைய இருநூறு ஆண்டு பழமை கொண்ட கல்வீட்டிற் குடியேறினார். நாவல் எழுந்தபாடில்லை. வீட்டைப் பழுது பார்க்க வந்த கொத்தரும் குழாய்காரரும் தச்சரும் அவர் பொழுதை விழுங்கினர். அந்தத் தடைகளையே எழுதிவிட்டால் என்ன என்று பதிப்பு முகவர் தூண்ட, நூல் பிறந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஓர் அத்தியாயமாகப் பன்னிரண்டு. இந்தக் கட்டமைப்பு எளியது, ஆனால் சாமர்த்தியமானது. பயிரும் பருவமும் கதையை இழுத்துச் செல்கின்றமையால், ஆசிரியர் நிகழ்ச்சிகளைக் கோக்க நூல் தேடி அலைய வேண்டியதில்லை.

நூலின் சுவையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. சிரிப்பை வரவழைக்கும் கை மேய்லுடைய கை. குடிவந்த முதல் மாதமே, வடக்கிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வரும் 'மிஸ்திரால்' என்னும் கடுங்காற்று வீசுகிறது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன. பழுது பார்க்க வந்த குழாய்காரர், பூமியின் வளைவு எங்கோ தட்டையாகிவிட்டபடியால் சைபீரியக் குளிர் குறுக்கு வழியில் வந்து சேர்கிறது என்று ஒரு சாஸ்திரமே விரித்துரைக்கிறார். அண்டை வீட்டார் ஒருவர் நரியைச் சமைக்கும் முறை கூறுகிறார். கால் மணியில் வருகிறேன் என்றால் இன்றைக்குள் எப்போதோ என்றும், நாளை என்றால் இவ்வாரத்துக்குள் என்றும், பதினைந்து நாள் என்றால் அது எத்துணைக் காலமாயினும் பதினைந்து நாள் மட்டும் ஆகாது என்றும் அவ்வூர்க் கால அளவைகளுக்கு மேய்ல் தரும் அகராதியை வாசித்துச் சிரியாதார் இரார். நம் ஊர்க் கொத்தரையும் தையற்காரரையும் நினைத்துக்கொண்டு நாமும் சிரித்தோம்.

சிரித்து முடித்தபின் ஒரு சிறு உறுத்தல். அந்தக் குழாய்காரருடன் ஓர் எடுபிடிப் பையன் வருகிறான். முதலாளி உலக சாஸ்திரம் பேசுங்கால் சுத்தியல் எடுத்து வேலை செய்பவன் அவனே. அவனுக்கு நூலிற் பெயரில்லை. 'இளையோன்' என்று அழைக்கப்படுவதோடு சரி. முதலாளியின் வாய்க்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. பையனின் கைக்குக் கிடைக்கவில்லை. நகைச்சுவைக்கு வாய்தான் வேண்டும், கை வேண்டியதில்லை என்று சிலர் ஆசிரியர் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தை ஏற்கமாட்டோம். எந்தக் கை தனக்கு நீர் கொணர்ந்தது என்று குளிரில் விறைத்துக் கிடந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நூலின் முடிவும் இவ்வாறே. ஆண்டு முழுதும் அரைகுறையாய்க் கிடந்த வேலைகளை முடிக்க ஆசிரியரின் மனைவி ஓர் உபாயம் காண்கிறார். வேலைக்காரர் அனைவரையும் மனைவியரோடு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைக்கிறார். தம் கணவர் பங்கு வேலை மட்டும் முடியாமற் கிடப்பதைப் பிறர் காண எந்த மனைவி பொறுப்பாள்? வேலைகள் மளமளவென்று முடிகின்றன. உபாயம் இனியது, எவர் மனமும் புண்படவில்லை, சாப்பாடும் பானமும் தாராளம். ஆயினும் அந்த விருந்தைத் துரை வீட்டுத் தீபாவளி விருந்தின் நினைவின்றி நம்மால் வாசிக்க இயலவில்லை.

இனி, கிராணிக் கண்ணுக்கு அகப்பட்ட கணக்கைச் சொல்கிறோம். வீட்டோடு கொடிமுந்திரித் தோட்டமும் மேய்லுக்குச் சொந்தமாகிறது. அதைப் பயிரிடுபவர் அண்டை வீட்டு உழவர். 'மெத்தையாழ்' என்று அவர்கள் வழங்கும் வார முறைப்படி, புதிய கொடிகளுக்கான முதலை நிலக்காரர் போடுகிறார், உழவர் உழைக்கிறார், விளைவில் உழவருக்கு இரு பங்கு, நிலக்காரருக்கு ஒரு பங்கு. ஊரில் நடக்கும் ஒழுங்கான ஏற்பாடு என்ற அளவில் இதனைக் கூறிவிட்டு மேய்ல் அடுத்த விருந்துக்குப் போய்விடுகிறார். ஆனால் இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு மண்ணிலே தானாக முளைத்ததன்று. பாதிக்குப் பாதி என்பதே அம்முறையின் பழைய வழக்கு. அச்சொல்லின் வேரிலேயே 'பாதி' என்ற பொருள் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945-இலும் 1946-இலும் பிரான்ஸ் இயற்றிய குத்தகைச் சட்டங்களே நிலக்காரர் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டன. அதற்கு முன் வாரக்காரர் எத்தனை தலைமுறை பாதியை அளந்து கொடுத்தனரோ! அந்த உழவர் புன்னகையோடு புது நிலக்காரரை வரவேற்றாரெனில், அப்புன்னகைக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. குத்தகைக்காரனை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்ற உறுதி நிற்கிறது. சட்டத்தின் காப்புள்ளவன் இனிய அண்டை வீட்டானாக இருப்பது எளிது. காப்பில்லாத மண்ணில் இதே நூலை எழுதியிருந்தால் சுவை வேறாயிருக்கும்.

நூல் வெளிவந்தபின் நடந்தது அதன் ஆசிரியரே எதிர்பாராதது. வாசகர் கூட்டம் கூட்டமாக அவ்வீட்டைத் தேடி வந்தது. கையெழுத்து வேண்டி வாயிலில் நின்றோர் பலர். அமைதி நாடி வந்தவர், தம் அமைதியைப் புகழ்ந்தெழுதி அதனாலேயே அமைதி இழந்தார். சில ஆண்டுகள் அமெரிக்காவின் லாங் ஐலண்டுக்குப் போயிருந்து, பின்னர் லுபெரோனின் வேறொரு பக்கத்துக்குத் திரும்பி வந்து, 2018-இற் காலமானார். பிரான்ஸ் அரசு அவருக்கு 2002-இல் 'லெஜியோன் தொனர்' விருதளித்துப் பெருமை செய்தது. வெளியார் வந்து வீடு வாங்க வாங்க விலை ஏறும். விலை ஏற ஏற உள்ளூர் இளைஞன் தன் ஊரிலேயே வீடு கட்ட முடியாதவனாவான். அழகிய கடற்கரையும் மலைச்சாரலும் உள்ள எல்லாத் தேசத்திலும் காணும் செய்தி இது. ஒற்றை நூலின் மீது இப்பழி முழுவதையும் சுமத்துதல் நியாயமன்று.

மொழியைப் பற்றி ஒரு சொல். புரொவான்ஸ் மண்ணுக்குப் பிரெஞ்சு மொழி பிறப்புரிமை உடையதன்று. அங்கே ஒக்சித்தான் மொழியின் ஒரு வழக்கான புரொவான்சால் வாழ்ந்தது. அம்மொழியிற் காவியம் பாடி 1904-இல் நோபெல் பரிசில் ஒரு பாதி பெற்றவர், மேற்சொன்ன காற்றின் பெயரையே தம் குடிப்பெயராகக் கொண்ட பிரெதெரிக் மிஸ்திரால். பரிசுப் பணத்தை அவர் ஆர்ல் நகரில் தம் மக்களின் ஆடை அணிகலன், கருவி, வழக்கங்களைக் காக்கும் காட்சிசாலைக்குச் செலவிட்டார். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய குழந்தைகள் அவமதிக்கப்பட்ட தேசம் அது. மேய்லின் ஊரார் பேசும் பிரெஞ்சில் ஒலிக்கும் அந்த மூக்கொலியையும் கரடுமுரடான ஓசையையும் அவர் கேலியும் காதலுமாக வருணிக்கிறார். ஆனால் அது தோற்கடிக்கப்பட்ட ஒரு மொழி விட்டுச் சென்ற தழும்பு என்பது அவர் செவிக்கு எட்டியதாக நூல் காட்டவில்லை. தாய்மொழிப் பள்ளிக்காக ஓயாது வாதாடி வரும் நம் சமூகத்துக்கு இவ்விடத்தில் நின்று கேட்கத் தோன்றுமன்றோ?

பெர்ஜரிடம் வருவோம். 1926-இல் லண்டனிற் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், கலை விமரிசகர். 1972-இல் 'ஜி' என்னும் நாவலுக்காகப் புக்கர் பரிசு பெற்றபோது அவர் செய்த காரியம் நம் நேயர்கள் அவசியம் அறியத்தக்கது. பரிசளித்த புக்கர் மக்கனல் கம்பெனியின் செல்வம் கயானா முதலிய கரீபிய நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் விளைந்தது என்பதை அவர் பரிசு மேடையிலேயே எடுத்துரைத்தார். பரிசுத் தொகையான 5,000 பவுனில் பாதியை லண்டனிலிருந்த கறுப்புச் சிறுத்தை இயக்கத்தினருக்குக் கொடுத்தார். மறு பாதியைக் கொண்டு, ஐரோப்பாவில் கூலி வேலை தேடி அலையும் அயல்நாட்டுத் தொழிலாளரைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். 1975-இல் வெளிவந்த 'ஏழாவது மனிதன்' அதன் பயன். கயானாவின் கரும்புத் தோட்டங்களிற் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழரும் உழைத்தனர். ஆகவே அந்த 5,000 பவுனில் நம்மவர் வியர்வையும் ஓரிரு துளி இருந்திருக்கும்.

துருக்கியிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் வந்த தொழிலாளரோடு பேசப் பேச, அவர்கள் விட்டு வந்த கிராமத்தைத் தாம் அறியவில்லை என்று பெர்ஜருக்குத் தோன்றியது. அறியும் பொருட்டே 1970-களின் நடுவில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில், ஓத் சவுவா மாவட்டத்தில், கேன்ஸி என்னும் சிற்றூரிற் குடியேறினார். நாற்பதாண்டுக்குச் சற்றுக் குறைய அங்கேயே வாழ்ந்தார்; மனைவி 2013-இல் மறைந்தபின்பே பாரிஸின் புறநகருக்குப் பெயர்ந்தார்; 2017 ஜனவரியில் இயற்கை எய்தினார். கோடையில் அண்டை அயலாரோடு வைக்கோல் வாரினார். மேய்ல் ஓர் ஆண்டை எழுதப் பன்னிரண்டு அத்தியாயம் கொண்டார். பெர்ஜர் ஒரு கிராமத்தை எழுத மூன்று நூல்களும் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டும் எடுத்துக்கொண்டார். 'பன்றி மண்', 'ஒருகாலத்தில் யூரோப்பாவில்', 'லைலாக்கும் கொடியும்' என்ற அம்மூன்றுக்கும் பொதுப் பெயர் 'அவர்களுடைய உழைப்பினுள்'. யோவான் எழுதிய சுவிசேஷத்திலிருந்து எடுத்த தலைப்பு. பிறர் பட்ட பாட்டின் பலனுக்குள் நாம் நுழைகிறோம் என்னும் கருத்து, குடியேறிய எழுத்தாளன் தன் வாயிற்படியிற் பொறித்துக்கொள்ளத் தக்கது.

அவர் கட்டுரைகளுள் ஒன்று இங்கு குறிப்பிடத்தக்கது. கிராமத்து இல்லத்தின் கழிவறைக் குழியை ஆண்டுக்கொரு முறை தாமே வாரி, தள்ளுவண்டியிற் கொண்டுபோய்ப் புதைக்கும் வேலையைப் பற்றியது அது. துர்நாற்றத்தை மறைக்காமல், அதே சமயம் அருவருப்பைக் காட்டிப் பெருமை தேடாமல் எழுதுகிறார். உலகப் புகழ் பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் குடும்பத்தின் மலத்தைத் தாமே அள்ளி, அதை இலக்கியமாகவும் ஆக்குகிறார். மலம் அள்ளுதற்கென்று ஒரு சாதியையே ஒதுக்கி வைத்து, அச்சாதியாரின் நிழலுக்கும் அஞ்சிய சமூகத்தில் தோன்றிய நமக்கு இக்கட்டுரை சாட்டையடியாகப் பட்டது. ஆசிரியருக்கு நம் சாதி முறை நினைவில் இருந்திராது. அதனாற்றான் அடி இன்னும் பலமாக விழுகிறது.

'பன்றி மண்' நூலின் முகப்பிலே, கிராமத்தில் தாம் யார் என்று பெர்ஜர் விளக்கம் ஒன்று தருகிறார். அவர் கருத்தை நம் சொல்லில் சொல்வோம். ஒவ்வொரு கிராமமும் தன் சித்திரத்தைத் தானே ஓயாது தீட்டிக்கொள்கிறது, அத்தூரிகை ஊர்வம்பு. யார் எப்போது வந்தான், யார் வீட்டுப் பசு ஈன்றது, யார் யாரிடம் பேச்சை நிறுத்தினான் என்ற பேச்செல்லாம் சேர்ந்த உருவமே கிராமம். குடியேறிய எழுத்தாளனும் அச்சித்திரத்தில் ஓர் உருவந்தான். அவன் ஊரை எழுதுகிறான். ஊர் அவனைப் பேசுகிறது. இந்த அடக்கம் மேய்லிடம் இல்லை. ஊரார் தம்மைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பர் என்ற ஐயம் அவரது நூலில் எட்டிப் பார்க்கிற இடங்கள் உண்டு. எட்டிப் பார்த்ததும் நகைச்சுவையாகி மறைந்துவிடும். பெர்ஜர் அதனையே கதை சொல்லும் முறையாக்கிக்கொண்டார். அவர் கதைகளில் 'நான்' என்று பேசுபவர் பெரும்பாலும் ஊராருள் ஒருவராக இருப்பார்.

நூலின் சிகரம் 'லூசி கப்ரோலின் மூன்று வாழ்வுகள்'. 1900-இற் பிறந்த ஒரு குடியானவப் பெண், வளர்ச்சி குன்றிய சிற்றுருவினள். 'கொக்காத்ரீல்' என்று ஊரார் இட்ட பட்டப்பெயர். போர்க்காலத்தில் ஜெர்மானியரை எதிர்த்த மறைமுகப் போராளிகளுக்கு அடைக்கலம் தந்தவள். பின்னர், உடன்பிறந்தாரே அவளை வீட்டை விட்டுத் துரத்துகின்றனர். ஊருக்கு வெளியே சாலையோரக் குடிசையிற் குடியேறி, காட்டிலே பழமும் காளானும் பொறுக்கி, எல்லைக்கப்பால் நகரத்தில் விற்று, திரும்புகையிற் சிகரெட்டைக் கள்ளத்தனமாய்க் கொணர்ந்து பணம் சேர்க்கிறாள். அந்தப் பணத்துக்காகவே கோடரியால் வெட்டுண்டு மாள்கிறாள். கதை அங்கே முடியவில்லை. இளமையில் அவளோடு கூடிப் பின் கைவிட்டுக் கடல் கடந்து போய், முதுமையில் ஊர் திரும்பிய ஜான் என்பவனே கதை சொல்பவன். அவனிடம் இறந்தபின் அவள் வந்து பேசுகிறாள். இறந்தோரெல்லாம் கூடி அவளுக்கு மரவீடு கட்டுகின்றனர். பேய் பிசாசை நம்பாத நாம் இதனை எவ்வாறு ஏற்றோம்? நிலமும் வீடும் மறுக்கப்பட்ட ஒருத்திக்கு உயிரோடிருந்த ஊரார் செய்யாததை மாண்டவர் செய்கின்றனர் என்று வாசிக்கும்போது, அது மூடநம்பிக்கையாகத் தோன்றவில்லை. ஊரார்மீது வாசிக்கப்பட்ட குற்றப்பத்திரிகையாகவே தோன்றிற்று. சொந்த ஊரிலேயே அயலாளாய்க் குடியேற நேர்ந்தவள் அவள். 'எக்ஸ்பாட்ரியேட்' நூல்கள் நூறு இருந்தும் இப்படிப்பட்ட குடியேற்றத்தை வேறெவர் எழுதினார்?

பசு ஒன்றை வெட்டிக் கூறாக்கும் காட்சியோடு நூலின் முதற் கதை நடப்பதால், நம்மவருட் சிலர் அங்கேயே ஏட்டை மூடிவிடக் கூடும். மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வளர்த்தவரே அருகில் நின்று கண்டிருக்க, ஒரு சொல்லும் மிகையின்றி எழுதப்பட்டது அது.

பெர்ஜர்மீதும் நமக்குக் குறை உண்டு. நூலின் பின்னுரையில் அவர் குடியானவரை, எத்தகைய ஆட்சியிலும் தப்பிப் பிழைத்து வரும் வர்க்கம் என்கிறார். நாளை நன்றாகும் என்ற நம்பிக்கையில் வாழும் நகரத்து மனத்துக்கும், இன்று பிழைத்தாற் போதும் என்று வாழும் கிராமத்து மனத்துக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாக வகுக்கிறார். பழைய குடியானவ வாழ்வு அப்படியே நீடிக்க வேண்டுமென்று அறிவுள்ளவர் எவரும் வாதிடார், ஏனெனில் அவர்கள் சுரண்டப்படுவதும் நீடிக்க வேண்டியதாகும் என்று அவரே எச்சரிக்கவும் செய்கிறார். பின்னுரையில் அறிவு அவ்வாறு கூறுகிறது; கதைகளில் நெஞ்சு வேறு பக்கம் சாய்கிறது. ஊரை விட்டுப் போகும் இளைஞர் அவர் கதைகளில் நிழலாகவே கடந்து போகின்றனர். போகிறவனின் மகிழ்ச்சி எங்கே? பிரான்ஸில் 1945-ஐ ஒட்டி, உழைப்போருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நிலத்தில் உழைத்தனர். இன்று நூற்றுக்கு மூவரும் இல்லை. ஆங்ரி மாந்திராஸ் என்னும் சமூகவியலார் 1967-இலேயே 'குடியானவரின் முடிவு' என்று தம் நூலுக்குப் பெயரிட்டார். இத்துணைப் பேர் வெளியேறினரே, அவர் அனைவரும் அழுதுகொண்டா போயினர்? பனியில் விரல் வெடிக்கப் பால் கறந்த பெண், நகரத்து ஆபீசில் வெதுவெதுப்பான அறையில் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்கிய முதல் நாளில் என்ன நினைத்தாள்? லயத்திலே பிறந்து, பால்வெட்டுக் கத்தியைத் தொடாமற் படித்துப் பட்டணம் போன பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்கள் போனதால் தோட்டத்துக் கோயில் திருவிழாவிற் கூட்டம் குறைந்தது மெய்யே. அதற்காக அவர்களை மீண்டும் வெட்டுக்காட்டுக்கு அழைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. இந்த விடுதலை இன்பத்துக்குப் பெர்ஜர் இன்னும் கொஞ்சம் இடம் தந்திருக்கலாம். இரண்டாம் நூலில் தொழிற்சாலை வருகிறது, மூன்றாவதிற் பெருநகரம் வருகிறது. இரண்டும் ஆளை விழுங்கும் வாய்களாகவே வருகின்றன.

எனினும் இது பெரிய எழுத்தாளர்மீது கூறத்தக்க குறை. மேய்லிடம் இவ்வளவு பெரிய குறை காண நமக்கு இடமே கிடைக்கவில்லை.

எதிர்த்திசையிற் பயணம் செய்த ஒருவரையும் இங்கே நினைவூட்ட வேண்டும். பிரான்ஸின் மேற்கே ஷராந்து வட்டாரத்துப் பார்பெஸியூ என்னும் சிற்றூரில் 1879-இற் பிறந்த ஆங்ரி ஃபோக்கொன்னியே, 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் திறந்தார். தென்னமரம் என்று தமிழ்ப் பெயரே தாங்கிய தோட்டத்தில் 1917-இல் வாணிப அளவில் எண்ணெய்ப்பனை நடப்பட்டதும் அவர் முயற்சியாலே. அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930-இல் பிரான்ஸின் கொன்கூர் பரிசு பெற்றது. அந்நூலிலே தமிழ்த் தொழிலாளர் வருகின்றனர். துரையின் கண்ணுக்கு அகப்பட்ட அளவில் வருகின்றனர்; வருணனை அழகியது; காடும் மழையும் இருளும் நெஞ்சில் நிற்கின்றன. மேய்லுக்குப் புரொவான்ஸ் உழவர் எப்படியோ, ஏறக்குறைய அப்படியே ஃபோக்கொன்னியேவுக்கு நம் பாட்டன்மார். பிரெஞ்சுக் கிராமத்தான் தன்னை எழுதிய ஆங்கிலேயரின் நூலை வாசிக்குங்கால் எவ்வாறு உணர்வான் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 'மலேசி'யின் ஆங்கிலப் பெயர்ப்பைப் படித்த தமிழர் எவரும் அதனை அறிவர்.

இன்று ஒருவர் மேய்லைப் போல் மூட்டை கட்டிக்கொண்டு போய் லுபெரோனில் அமர்ந்துவிட இயலாது என்பதையும் சொல்லி வைப்போம். ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு பிரிட்டன் விலகியபின், 2021 ஜனவரி முதல், பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் 180 நாளில் 90 நாளுக்கு மேல் பிரான்ஸில் தங்க வேண்டின் நீண்டகால விசா பெற வேண்டும். பிழைப்புக்கு வருமானம் உண்டென்று காட்ட வேண்டும். ஏறக்குறைய 35,000 கிராம நகர வட்டங்கள் அந்நாட்டில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். எவ்வளவு சிற்றூராயினும் புதிதாய் வந்தவர் காலடி படவேண்டிய இடம் அந்த மேயர் அலுவலகம். வரிசையில் நின்று பத்திரம் காட்டும் அனுபவம், அடையாளச் சீட்டுக்காக நம்மவர் நின்ற வரிசைகளைப் போன்றதே. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் வாழும் ஈழத்தமிழர் அகதிகளாய் வந்து அவ்வரிசைகளில் ஆண்டுக்கணக்காக நின்றனர். அவர்களை எவரும் 'எக்ஸ்பாட்ரியேட்' என்று அழைத்ததில்லை. இனி ஆங்கிலேயர் எழுதப்போகும் பிரெஞ்சுக் கிராம நூல்களில் கொத்தரோடு குமாஸ்தாவும் ஒரு பாத்திரமாவார் என்று எதிர்பார்க்கலாம். அந்தக் குமாஸ்தாவை அவர்கள் எப்படிச் சித்திரிப்பர் என்று காண எமக்குச் சிறிது ஆவல் உண்டு.

'பன்றி மண்' நூல் முழுவதையும் தமிழிற் பெயர்க்க முற்படுவோர் எவரேனும் இருப்பின் லூசி கப்ரோலின் கதையிலிருந்து தொடங்குதல் நலம். அதிலே ஒரு சிக்கல் உண்டு. 'கொக்காத்ரீல்' என்பது, சேவல் இட்ட முட்டை எருக்குவியலிற் பொரிந்து பிறப்பதாக அம்மலைநாட்டார் கதைக்கும் ஒரு பிராணியின் பெயர். இதற்கு நேரான தமிழ்ச் சொல் அகராதியில் அகப்படாது. கட்டைச்சி, குள்ளச்சி என்று பெயர்த்தால் உருவம் மட்டும் வரும், அச்சம் வராது. சூனியக்காரி என்றால் அச்சம் மட்டும் வரும், எருக்குவியலின் மணம் வராது. ஒற்றையாய்க் காடு சுற்றிக் கீரையும் விறகும் விற்றுப் பிழைத்த கிழவிகளுக்கு நம் தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகள் இட்ட பட்டப்பெயர்கள் பல. வயது முதிர்ந்தோரைக் கேட்டால் இன்னும் சொல்வர். பெயர்ப்பாளர் முதலில் அங்கே போய்க் கேட்கட்டும்.